ஃபேன் ஓடிக்கொண்டிருந்த வீடு

என் ராசாவுக்கு அம்மா எழுதுவது.

டெல்லிக்குப் போகப்போகிறேன் என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சந்தோஷம் இல்லாமல் இல்லை. தெருவில் கண்ணில் பட்டவர்களை எல்லாம் நிறுத்திவைத்து, நாடு முழுக்க வெயில் காலத்துக்கு எப்படித் தயாராவது என்று திட்டம் எழுதுகிற இடத்தில் என் மகனுக்கு வேலை என்று சொல்லிவிட்டேன். கடைக்காரர் ஒரு ஆரஞ்சு மிட்டாயை எடுத்து என் கையில் கொடுத்தார். வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் மனசுக்குள் அரிக்க ஆரம்பித்தது. லோடு இறக்கிவிட்டு வந்த உன் அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன புள்ள, சந்தோசப்பட வேண்டிய நேரத்துல மூஞ்சி இப்படி இருக்கு? இதுலயுமா சந்தேகம்?" என்று கேட்டார். நிழலைக் கண்டாலும் நான் சந்தேகப்படுவேன் என்று அவர் ஊரெல்லாம் சொல்லிவைத்திருப்பது உனக்குத் தெரியும். ஆமாம், இதிலும் சந்தேகம்தான் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

இதைப் போனில் சொல்லலாமே என்று நீ நினைப்பாய். போனில் உன் முகத்தைப் பார்த்தால் நான் சிரித்துவிடுவேன். "நல்லா இருக்கேன்யா" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். இத்தனை வருஷமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எழுதும்போது யாருக்காகவும் சிரிக்க வேண்டியதில்லை. அதனால்தான் உன் பழைய நோட்டிலிருந்து தாளைக் கிழித்து எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள், எட்டாவதோடு நின்றவள் நான்.

அன்றைக்கு நீ சொன்னது வார்த்தைக்கு வார்த்தை எனக்கு நினைவிருக்கிறது. "அம்மா, அங்கன போனதும் நம்ம ஊரத்தான் உதாரணமாக் காட்டப்போறேன். எல்லா வீட்டுலயும் ஃபேன் இருக்கு. பஸ் ஸ்டாப்புல தண்ணிப் பந்தல் இருக்கு. போன சித்திரையில வெயிலால ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. நாங்க எடுத்த சர்வேயில அப்படித்தான் வந்திருக்கு" என்றாய். உன் குரலில் அம்புட்டு பெருமை. நானும் "நல்லதுய்யா" என்றேன். நீ டெல்லியில் பெரிய பெரிய ஆட்கள் முன்னால் நின்று நம் ஊரைக் காட்டுவாய். அவர்களும் சரி, எல்லா ஊருக்கும் இதே மாதிரி செய்துவிடுவோம் என்று முடிவு பண்ணிவிட்டு எழுந்து போவார்கள். அந்த சர்வேயில் பாண்டியம்மா அத்தை இல்லை, ராசா. அவளை இல்லாமல் ஆக்கியதில் எனக்கும் பங்கு உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் நான் செய்கிற வேலையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரியும் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய், ஆனால் தெரியாது. நீ சின்னப்பிள்ளையாக இருந்தபோது நான் பட்டாசுக் கம்பெனிக்குப் போனேன். அது உனக்குத் தெரியும். நீ ஹாஸ்டலுக்குப் போன பிறகுதான் முழங்கால் மடங்காமல் போய், கம்பெனியை விட்டுவிட்டு வீட்டிலேயே வெடிக்குக் காகிதக் குழாய் உருட்ட ஆரம்பித்தேன். மருந்து கிடையாது, வெறும் குழாய்தான். ஏஜெண்ட் தாள் கட்டைக் கொண்டுவந்து போடுவார். வாகாக நறுக்கின தாளை விரித்து, ஓரத்தில் பசை தடவி, கம்பியில் வைத்து உருட்டி உருவ வேண்டும். உருட்டின குழாய்க்குத்தான் கூலி. நீ தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருகிறவன். நீ வருகிற நாளில் தாள் கட்டை எல்லாம் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வீட்டைக் கழுவிவிடுவேன். என் மகன் வந்து உட்காருகிற இடத்தில் பசை நாற்றம் அடிக்கக் கூடாது என்று எனக்கு ஒரு வைராக்கியம். சித்திரையில் நீ இந்த வீட்டில் உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று நீயே யோசித்துப் பார்.

இந்த வேலைக்கு ஃபேன் ஆகாது. போட்டால் தாள் பறக்கும். பறக்காமல் கல்லை வைத்து அமுக்கினாலும், தடவின பசை உருட்டுவதற்குள் காய்ந்துபோய்க் குழாய் பிரிந்துகொள்ளும். ஜன்னலைத் திறந்தால் மத்தியானக் காற்று அள்ளிக்கொண்டு போகும். ஆகையால் கதவைச் சாத்தி, ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்திவிட்டு, சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழே உட்கார்ந்து உருட்டுகிறோம். நம்ம தெருவில் முக்கால்வாசி வீட்டில் இதுதான் நடக்கிறது. ஃபேன் இல்லாத வீடு இல்லை என்று உங்கள் சர்வே சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. பகலில் ஓடுகிற ஃபேன் எத்தனை என்று யாரும் கேட்கவில்லை.

முதல் சம்பளத்தில் நீ வாங்கிக் கொடுத்தாயே ஒரு கூலர், அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வந்த அன்றைக்கே தண்ணீர் ஊற்றிப் போட்டேன். அடடா, உடம்பெல்லாம் குளுகுளுவென்று இருந்தது, உன்னை நினைத்து அழுதுவிட்டேன். மறுநாள் பார்த்தால் உருட்டி வைத்த குழாய் அத்தனையும் நமத்துப்போயிருந்தது. ஏஜெண்ட் ஒன்றை எடுத்து விரலால் நசுக்கிக் காட்டி, "என்னக்கா, மாவுக் கொழுக்கட்டையா குடுக்கீக?" என்று கேட்டுவிட்டு மொத்தத்தையும் திருப்பிப் போட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு உறை தைத்து மாட்டினதுதான். இப்போது அதன் மேல் இருக்கன்குடி மாரியம்மன் படம் இருக்கிறது. நீ வீடியோ காலில் வருகிறாய் என்றால் படத்தை இறக்கி, உறையை உருவி, சுவிட்சைப் போட்டு, அதற்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்வேன். "கூலர் ஓடுதாம்மா?" என்பாய். "ஓடுதுய்யா, குளிருது" என்பேன். உன் அப்பா பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். எல்லாரையும் சந்தேகப்படுகிற உன் அம்மா உன்னை எப்படி ஏமாற்றியிருக்கிறாள் பார்.

இனி பாண்டியம்மா. பக்கத்து வீடு, நடுவில் ஒரு செங்கல் சுவர்தான். நீ ஊருக்கு வந்தால் சீடை செய்துகொண்டு ஓடிவருவாளே, அவளேதான். அவளும் நானும் ஆளுக்கு ஒரு பக்கம் சுவரில் சாய்ந்துகொண்டு உருட்டுவோம். கதவு சாத்தியிருந்தாலும் பேச்சுக்குக் குறைவில்லை. சுவருக்கு மேலே ஷீட் இடைவெளி வழியாகக் குரல் வந்துவிடும். போன சித்திரையில், கத்திரி வெயில் நடந்துகொண்டிருந்தபோது, இருக்கன்குடிக்குப் போக வேண்டும், அதற்குள் கையில் இருக்கிற ஆர்டரை முடிக்க வேண்டும் என்று விடாமல் உருட்டினாள். அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரம் தாண்டி, "மதினி, வெளிய மழை பேயுதா? காயப்போட்ட குழாய உள்ள எடுத்து வைக்கணுமே" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆமா, கொட்டுது, போய் நனைஞ்சிட்டு வா" என்று கேலி பண்ணினேன். அவள் பதிலுக்கு என்னவோ சொன்னாள், வார்த்தை குழறியது. வாயில் வெற்றிலை என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீர் வண்டிக்காரன் குடத்தைக் குறைத்து ஊற்றுகிறானோ, ரேஷன் கடைத் தராசில் கல் வைத்திருக்கிறார்களோ என்று எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவள், சந்தேகப்பட வேண்டிய அந்த ஒரு பேச்சைக் கேட்டுச் சிரித்துவிட்டேன் பார். இதை எழுதும்போதுகூட என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டேன். பதில் இல்லை. தூங்குகிறாள் என்று விட்டேன். மறுபடி கூப்பிட்டுப் பதில் வராததால் எழுந்து போய்க் கதவைத் தள்ளினேன். உள்ளே அடுப்பைத் திறந்ததுபோல் முகத்தில் அடித்தது. தாள் கட்டுக்குப் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தாள். கையில் பசை ஈரம் அப்படியே இருக்கிறது, ஆனால் உடம்பில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. தோல் காய்ந்து கொதிக்கிறது. நான் கத்திக்கொண்டே முதலில் செய்த காரியம் சுவிட்சைப் போட்டதுதான். ஃபேன் சுற்ற ஆரம்பித்ததும் நறுக்கின தாள் அத்தனையும் எழும்பி வீடு முழுக்கப் பறந்தது. அவள் கையிலும் கன்னத்திலும் ஒட்டிக்கொண்டது. நான் அதைப் பிய்த்துப் பிய்த்து எடுத்தேன். உன் அப்பா லோடு வண்டியில் தூக்கிப்போட்டுக்கொண்டு சாத்தூர் ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். வழியிலேயே போய்விட்டாள்.

சாயங்காலம் தாலுகா ஆபீஸிலிருந்து, சாவை விசாரித்து எழுத ஒருவர் வந்தார். அவளை வீட்டுக்குள் கிடத்தியிருந்தோம். தெருவே கூடி உட்கார்ந்திருந்தது. நான் போட்ட ஃபேன் அவள் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது. உன் அப்பா அவரிடம், வெயில் தாங்காமல்தான் போய்விட்டாள் என்று சொன்னார். வந்தவர் கெட்ட மனுஷர் இல்லை, செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். மேலே நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஃபேன் நல்லா ஓடுதே. வீட்டுக்குள்ள, நிழல்ல, ஃபேனுக்குக் கீழ இருந்தவங்கள வெயில் எப்படிங்க அடிக்கும்?" என்று மெதுவாகக் கேட்டார். வாசலில் ஏஜெண்ட் நின்றுகொண்டிருந்தார். தாள் கட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். இந்த வேலை இப்படி நடக்கிறது என்று ஆபீஸுக்குத் தெரிந்தால் வீட்டில் தாள் போடுவதையே நிறுத்திவிடுவார்கள் என்று அவர் அடிக்கடி சொல்வது எல்லார் நினைவுக்கும் வந்தது. பாண்டியம்மா புருஷன் தலையைக் குனிந்துகொண்டு, "நெஞ்சுவலின்னு எளுதிக்கோங்க சார்" என்றார். அந்த ஃபேனைப் போட்டது நான்தான், அதற்கு முன்னால் அது ஓடவில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. உனக்கும் போனில் நெஞ்சுவலி என்றுதான் சொன்னேன்.

அப்புறம் உங்கள் சர்வேக்கு ஒரு பொண்ணு வந்தாள். காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் வந்தாள். பாவம், கையில் ஒரு டேப்லெட், தலையில் துப்பட்டா. ஃபேன் இருக்கா என்றாள், இருக்கு என்றேன். ஓடுமா என்றாள், போட்டுக் காட்டினேன். குடிதண்ணீர் இருக்கா, இருக்கு. போன வருஷம் வெயிலால் இந்த வீட்டிலோ பக்கத்திலோ யாருக்காவது முடியாமல் போயிற்றா என்று கேட்டாள். எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. இவள் ஏன் கேட்கிறாள், இவளை யார் அனுப்பினார்கள், இவள் போய்ச் சொன்னால் தாள் வருமா நிற்குமா? "ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு மோர் கொடுத்து அனுப்பினேன். குடித்துவிட்டு, "ரொம்ப நல்லா ஒத்துழைக்கிறீங்க ஆன்ட்டி" என்று சிரித்தாள். என் பொய்யைத்தான் நீ டெல்லிக்குக் கொண்டுபோகப் போகிறாய்.

நான் ஏமாற்றிவிட்டேன், ஆனால் அந்தப் பொண்ணும் ஏமாறத்தான் வந்தாள், ராசா. நீயும் அப்படியே போய்விடாதே. உன் வேலைக்குப் படிப்பு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு சந்தேகமும் வேண்டும். தண்ணீர்ப் பந்தல் இருக்கிறது என்று எழுதியிருந்தால் போய்ப் பார். நம்ம பஸ் ஸ்டாப் பந்தலைத் திறந்தவரின் படம் போட்ட தட்டி பந்தலைவிடப் பெரிது. திறந்த அன்றைக்குத் தர்பூசணி கொடுத்தார்கள். அடுத்த வாரம் நான் போனபோது பானைக்குள் காய்ந்த வேப்பிலை கிடந்தது. தட்டி மட்டும் இன்றைக்கும் புதுசாக இருக்கிறது. போன் காட்டுகிற வெயிலையும் நம்பாதே. அது எங்கேயோ திறந்த வெளியில் அளந்தது, என் ஷீட்டுக்குக் கீழே வந்து அளந்தது இல்லை. நிழல் என்றால் குளிர்ச்சி என்று நினைக்கிறீர்களே, அதையும் நம்பாதே. எங்கள் ஊரில் பொம்பளைகள் சாகிறது நிழலில்தான்.

இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும். வெயில்தான் இந்த ஊருக்குச் சோறு போடுகிறது. மழை இல்லாத பூமி என்றுதான் இங்கே தீப்பெட்டியும் பட்டாசும் வந்தன. குழாய் காய வேண்டும், சீசன் லோடு ஏற வேண்டும். வெயிலைக் குறை சொன்னால் சோற்றைக் குறை சொன்னதுபோல் ஆகிவிடும் என்று எங்களுக்கே ஒரு பயம். நான் வேலை பார்த்த கம்பெனியில் வெயில் ஏறினால் மருந்து கலக்குவதை நிறுத்திவிடுவார்கள். சூடு மருந்துக்கு ஆகாது, வெடித்துவிடும். போர்மேன் மணியைப் பார்த்துக்கொண்டே நிற்பார். சூடு மனுஷிக்கும் ஆகாது என்று ஒரு நாளும் யாரும் மணியைப் பார்த்து நின்றதில்லை. அங்கேயாவது திட்டுவதற்கு ஒரு போர்மேன் இருந்தார். இங்கே வீட்டில் யார் இருக்கிறார்கள்? என்னை உருட்டு உருட்டு என்று விரட்டுகிறவளும் நானேதான். இன்னும் ஒரு கட்டு, இன்னும் ஒரு கட்டு என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஓய்வு எடுங்கள் என்று நீங்கள் நோட்டீஸ் அடித்து ஒட்டினால், அந்த நோட்டீஸையும் நறுக்கிக் குழாய் உருட்டிவிடுவோம், கேட்டுக்கோ. மத்தியானம் கையை நிறுத்தினால் கூலி நிற்காது என்று யாராவது சொல்லட்டும், அப்போது நிறுத்துகிறோமா இல்லையா பார்.

எனக்குத் தோன்றுகிற யோசனை ஒன்று உண்டு, சிரிக்காதே. நம்ம ஊர்ச் சமுதாயக் கூடம் கல்யாணம் காதுகுத்து இல்லாத நாளெல்லாம் பூட்டிக் கிடக்கிறது. தடிச் சுவர், உயரமான கூரை, உள்ளே போனால் உடம்பு ஆறிவிடும். சித்திரை முழுக்க அதைத் திறந்து வைத்தால் தாளோடு போய் அங்கேயே உட்கார்ந்து உருட்டலாம். ஒருத்தி மழை பெய்கிறதா என்று கேட்டால் பத்துப் பேர் அவள் முகத்தைப் பார்ப்பார்கள். உன் அப்பா, "சாவி ஊர்ப் பெரியவுக கையில இருக்கு, ஒங்களுக்குத் தொறந்து குடுப்பாகளாக்கும்" என்கிறார். யார் பக்கத்தில் யார் உட்காருவது என்று சண்டை வரும் என்கிறார். வரட்டுமே. சண்டை போடுகிறவளுக்கு உயிர் இருக்கும் அல்லவா?

இந்தக் கடிதத்தை எழுத வேண்டாம் என்றுதான் உன் அப்பா முதலில் சொன்னார். "நீ எளுதுனத அவன் அங்கன சொல்லி, அது பேப்பர்ல வந்து, இங்கன தாள நிறுத்திட்டா என்ன செய்வ?" என்றார். எனக்கும் அந்தச் சந்தேகம் போகவில்லை, இப்போதும் இருக்கிறது. ஆனால் போன வாரம் ஒன்று நடந்தது. இன்னும் சித்திரைகூடப் பிறக்கவில்லை, பங்குனி வெயில்தான். உருட்டிக்கொண்டிருந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு, இது எதற்கு என் கையில் இருக்கிறது என்று நானே யோசித்துக்கொண்டு இருந்தேன். பக்கத்துச் சுவரைத் தட்டி, "பாண்டியம்மா, தண்ணி கொண்டா" என்று கூப்பிட்டிருக்கிறேன். வண்டிச் சாவியை எடுக்க வந்த உன் அப்பா அதைக் கேட்டார். தலையில் தண்ணீரைக் கொட்டி, ஈரத்துணியைப் போட்டு, என்னைத் திட்டிக்கொண்டே அழுதார். அதற்கு முன்னால் அவர் அழுது நான் பார்த்ததில்லை. சாயங்காலம் அவரே கடைக்குப் போய்ப் பேனா வாங்கிவந்து, "எளுது புள்ள" என்று கொடுத்தார்.

அதனால் எழுதிவிட்டேன். டெல்லிக்குப் போ, நன்றாக இரு, அங்கே குளிருக்கு ஸ்வெட்டர் வாங்கிக்கொள். நம் ஊரை உதாரணமாகக் காட்ட வேண்டும் என்றால் காட்டு. ஆனால் பாண்டியம்மா பெயரைச் சேர்த்துக் காட்டு, அவள் தலைக்கு மேலே ஃபேன் ஓடியது எப்படி என்று சொல்லிக் காட்டு. நான் எழுதினேன் என்பதற்காக இதையும் அப்படியே நம்பிவிடாதே. உன் அம்மா பொய் சொல்லுவாள் என்று இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது அல்லவா? நாளைக்கே நீ போன் பண்ணி, "அம்மா, இனிமே மத்தியானம் உருட்ட மாட்டேன்னு சொல்லு" என்றால், சரிய்யா என்று கூலருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு சொல்லிவிடுவேன். என் வாயை எனக்கே நம்ப முடியவில்லை.

போவதற்கு முன்னால் ஒரு தடவை வா, ராசா. தீபாவளிக்கு இல்லை, இந்தச் சித்திரையில். காலையில் வராதே, சாயங்காலம் வராதே. மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டி வா. பஸ் ஸ்டாப்பில் இறங்கினதும் கூப்பிடாதே, அப்பாவிடமும் சொல்லாதே. நேராக வந்து கதவைத் தள்ளு. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தால் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்.

அம்மா